ஆறின கஞ்சியும் ஆறாத பாலும்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, தம் பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, பள்ளி விட்ட கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வெப்பநிலை வேதிவினைகளின் வேகத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதை மாவு, மருந்து, பால் ஆகிய மூன்றையும் கொண்டு விளக்க எண்ணி வந்திருக்கிறேன். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். காலம் தாழ்த்தினால் காரியம் கெடும் என்பது அதன் பொருள்.

மூலக்கூறுகள் மோதிக்கொண்டால் மட்டும் வினை நடந்துவிடாது. கிளர்வு ஆற்றல் என்னும் தடையைத் தாண்டும் வலு அவற்றுக்கு வேண்டும். சூடு ஏற ஏற அந்த வலுவுடைய மூலக்கூறுகள் பெருகுகின்றன. இந்த உறவை 1889-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். 10 பாகை செல்சியஸ் கூடினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மார்கழியில் பொங்காத இட்லி மாவு சித்திரையில் விடியுமுன்பே பாத்திரத்தை விட்டு வழிவதும் இதனால்தான்.

பாலுக்கு வருகிறேன். நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஒரு சித்திரை மாலையில், என் தாயார் எட்டு லிட்டர் பாலைக் கேனில் ஊற்றிச் சாலையோர வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருந்தார். வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. கேனைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்தினார். சாக்கு காய்ந்தபோதெல்லாம் என்னைக் குழாயடிக்கு ஓடச் சொன்னார். இரவு பத்து மணிக்குப் பால் எடுக்க வந்தவர், சிறிது பாலை எடுத்துக் காய்ச்சிப் பார்த்தார். திரி திரியாகப் பிரிந்தது. எட்டு லிட்டரையும் வீட்டுக்குத் தூக்கி வந்து தென்னையடியில் கொட்டினோம். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

கறந்த பாலின் சூடு ஏறத்தாழ 37 பாகை. அந்தச் சூட்டில் பாலைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள் அரைமணிக்கொரு முறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். 4 பாகைக்குக் குளிர்வித்தாலோ, அந்தப் பெருக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆறின கஞ்சிதான் பழங்கஞ்சி. பாலோ ஆறாவிட்டால் பழையதாகிவிடுகிறது.

ஆகவேதான் நம் ஊருக்கென்று ஒரு தொகுப்புப் பால் குளிர்விப்பு நிலையம் வேண்டும் என்று கேட்கிறேன். மின்சாரம் இருக்கிறது, சங்கக் கட்டடத்தின் பின்னால் இடமும் இருக்கிறது. மருந்தைப் பற்றிப் பேச நேரமில்லை. மனு செயலாளர் ஐயாவின் மேசையில் இருக்கிறது. நாளைக் காலை பால் ஊற்ற வருவோர் அனைவரும் அதில் கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.