கடைமடைக்கு வராத நரம்புகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்த குழந்தை முதன்முதலாகப் போகிற மலத்தை நம் பாட்டிமார் காட்டுப்பீ என்பார்கள். கரும்பச்சையாக, தார் மாதிரி பிசுபிசுவென்று இருக்கும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே அதைப் போய்விடும். 48 மணி நேரம் தாண்டினால் கவனிக்க வேண்டும். நான் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவன். வயிறு உப்பிய கைக்குழந்தையோடு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "காட்டுப்பீ எப்போ போச்சு?" என்றுதான். பல நேரம் தாய்க்கு நினைவிருக்காது. பிரசவ வலியிலும் அசதியிலும் கிடந்திருப்பார், பாவம். பக்கத்தில் நிற்கும் பாட்டிதான் சொல்வார்: "மூணாம் நாளுதாங்க. அதுவும் வெத்தலைக் காம்பு வெச்சப்புறந்தான்."

விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்கும் வெற்றிலைக் காம்பைத்தான் சொல்கிறார். நான் சொல்லப்போகும் நோய் உள்ள குழந்தைக்கு அப்படி வைத்ததும் காற்றும் மலமும் பீய்ச்சிக்கொண்டு வரும். வயிறு வடியும். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கும். சரி, சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். இரண்டே நாளில் மறுபடி வயிறு உப்பும், பச்சையாக வாந்தி எடுக்கும். ஆகவே காம்பு வைத்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், திட்டுவார் என்று பயப்படவும் வேண்டாம். அந்தப் பீய்ச்சல்தான் எங்களுக்குப் பெரிய துப்பு.

நோயின் பெயர் ஹிர்ஷ்ப்ரங். ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவராக இருந்த ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங், இப்படி இறந்துபோன இரண்டு குழந்தைகளைப் பற்றி 1886-ல் பெர்லினில் மருத்துவர்கள் கூடிய சபையில் பேசினார். பெருங்குடல் பூதாகரமாக வீங்கியிருந்தது; நோய் அங்கேதான் என்று அவர் நினைத்தார். வயிற்றைத் திறந்து பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வீங்கியிருப்பது நல்ல குடல். அதற்குக் கீழே, ஆசனவாயை ஒட்டி, பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் ஒடுங்கிய பகுதியில்தான் பிசகு. அந்தத் துண்டில் நரம்பு செல்கள் இல்லை. அதனால் அது இளகிக் கொடுக்காமல் இறுகியே கிடக்கிறது. மேலே இருக்கும் நல்ல குடல் தள்ளித் தள்ளி ஊதிப்போகிறது. இதைப் புரிந்துகொண்டு, நரம்பில்லாத துண்டை நீக்கிவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் முறையை அமெரிக்காவின் பாஸ்டனில் ஆர்வர் ஸ்வென்சன் 1948-ல் வெளியிட்டார். இடையில் 62 வருடங்கள் போய்விட்டன. இன்று பல குழந்தைகளுக்கு வயிற்றில் கீறலே இல்லாமல் ஆசனவாய் வழியாகவே இதைச் செய்கிறோம்.

சரி, அந்தத் துண்டில் மட்டும் நரம்பு ஏன் இல்லை?

குடலின் நரம்பு செல்கள் குடலில் பிறப்பதில்லை. கருவின் கழுத்துப் பக்கம், முதுகுத்தண்டு உருவாகும் இடத்தையொட்டிப் பிறந்து, நான்காவது வாரத்தில் உணவுக்குழாயின் தொடக்கத்தில் நுழைகின்றன. பெருகிக்கொண்டே கீழே நகர்ந்து ஏழாவது வாரத்தை ஒட்டிக் குடலின் கடைசிக்கு வந்து சேர்கின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து கொஞ்சம் குறைந்தால் திருச்சியில் ஒன்றும் தெரியாது, கடைமடையில்தான் வயல் காயும். இங்கேயும் வரத்து குறைந்தால் காய்வது கடைசித் துண்டுதான். ரொம்பக் குறைந்துபோனால் பெருங்குடல் முழுக்கவே நரம்பில்லாமல் போவதும் உண்டு.

அந்த வரத்தைப் பார்த்துக்கொள்ளும் மரபணுக்களில் முக்கியமானது ரெட். பத்தாவது குரோமோசோமில் இருக்கிறது. நகரும் செல்லின் மேல் ஒரு கொக்கி மாதிரி நின்று, குடல் தரும் 'வா, பெருகு' என்ற சைகையை வாங்கிக்கொள்ளும் புரதத்தை அது செய்கிறது. ரெட் பழுதானால் இந்த நோய் வரும் என்பது 1994-ல் தெரிந்தது. ஆனால் நிறையக் குழந்தைகளிடம் அப்படி வெளிப்படையான பழுது எதுவும் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் அரவிந்த சக்கரவர்த்தியின் குழு 2005-ல் வேறோர் இடத்தில் தேடிக் கண்டுபிடித்தது. மரபணுவின் உள்ளேயே, புரதத்துக்கான குறிப்பு எழுதப்படாத ஒரு பகுதியில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தப் பகுதி, ரெட் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் திருகு. எழுத்து மாறினால் திருகு கொஞ்சம் மூடிக்கொள்கிறது.

இந்த மாற்றம் அபூர்வமானதே அல்ல. ஆப்பிரிக்காவில் மிக அரிதுதான்; ஆனால் மற்ற இடங்களில் அப்படியில்லை. ஐரோப்பியர்களின் பத்தாவது குரோமோசோம்களை எண்ணினால் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இருக்கிறது. ஆசியாவில் அதைவிடவும் அதிகம். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலரிடம் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். நம்மை அது ஒன்றும் செய்யவில்லை. தனியாக நின்று நோய் தரும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. அதோடு இன்னொரு மரபணுவின் சின்னக் குறை சேர வேண்டும், டவுன் சின்ட்ரோம் போல ஒரு கூடுதல் குரோமோசோம் சேரலாம், ஆண் குழந்தையாக இருப்பதும் சேர்கிறது. கடைசித் துண்டில் மட்டும் வரும் வகையில் ஒரு பெண் குழந்தைக்கு நான்கு ஆண் குழந்தைகள் என்ற கணக்கில் பார்க்கிறோம்.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். 1981-ல் மும்பையில் கே. என். ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நெற்றியில் ஒரு கற்றை முடி வெள்ளை. குடலின் நீண்ட பகுதியில் நரம்பில்லை. முடிக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்களும் குடலின் நரம்பு செல்களும் ஒரே இடத்தில் பிறந்து பிரிந்து போகிறவை. குதிரைகளிலும் இது உண்டு. உடம்பெல்லாம் வெள்ளையாகப் பிறக்கும் சில குட்டிகள், சாணம் போக முடியாமல் சில நாட்களில் இறந்துவிடும். அங்கே பழுதாவது வேறொரு மரபணு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தப் பழுது சேர்ந்து வர வேண்டும். இது மாதிரி வகைகளில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வது வாய்ப்பைக் கூட்டும். ஆனால் நாங்கள் அதிகம் பார்க்கும் சாதாரண வகைக்கு அதை மட்டுமே காரணமாகச் சொல்ல முடியாது. சொந்தத்தில் கட்டாதவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் வார்டில் நிறையப் பேர்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. பையனுக்கு நான்கு மாதம். வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி மாதிரி. குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி சோதனையின் முடிவைச் சொன்னதும் மாமியார் திரும்பி, "அப்பவே சொன்னேன், மாசமா இருக்கறப்போ கண்டதையும் தின்னாதேன்னு" என்றார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. மாதவிடாய் தள்ளிப்போய் ஏறத்தாழ ஐந்து வாரத்துக்குள்ளேயே அந்த நரம்பு செல்களின் பயணம் முடிந்துவிட்டிருக்கும். அந்தப் பெண் என்ன சாப்பிட்டார் என்பதற்கு இதில் இடமே இல்லை என்று மாமியாரிடமும் கணவரிடமும் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். மரபணுவில் பாதி அப்பா தந்தது என்பதையும் சொன்னேன். கணவர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பிறகும் காய்ச்சல், வயிற்று உப்பல், நாற்றமடிக்கும் பேதி மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். இந்த நோயில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் குடல் அழற்சிதான்.

இரண்டு வருடம் கழித்து வந்து கேட்டார்கள், அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று. உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு, எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் நான்கு போல. நீண்ட பகுதி பாதித்திருந்தால், அல்லது முதலில் பாதிக்கப்பட்டது பெண் குழந்தையாக இருந்தால், கூடும். உங்கள் பையனுக்குக் கடைசித் துண்டு மட்டும்தான், பிறந்ததும் காட்டுப்பீ போகிறதா என்று மட்டும் மணி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஒரு நாள் விடியற்காலை போன். மாமியார்தான் பேசினார். "டாக்டர், ராத்திரி பதினொன்றரைக்குப் பொறந்தான். அஞ்சு மணிக்கெல்லாம் போயிட்டான். நானேதான் துடைச்சேன்."