இல்லாத ஊரும் இரவு இரண்டு மணியும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதில் வணக்கம் சொல்லவே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட எதிரணித் தலைவரைப் பார்த்துவிட்டதால், ஒரே வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதின்வயதுப் பிள்ளை கையில் என்ன புத்தகம் கொடுக்கலாம்? வாழ்க்கை வரலாறும் தன்னம்பிக்கை நூலும் என்பது அவர்கள் கட்சி. ஃபேன்டசியும் டிஸ்டோபியாவும் என்பது எங்கள் கட்சி. மாயம், மந்திரம், டிராகன் வந்தால் ஃபேன்டசி. இன்றைய அநியாயம் இப்படியே வளர்ந்தால் நாளைக்கு உலகம் எப்படி நாறும் என்று காட்டினால் டிஸ்டோபியா. விளக்கம் முடிந்தது. கதைக்கு வருகிறேன்.

என் தங்கைக்கு ஒரு மகன். அப்போது 13 வயது. புத்தகத்துக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. அவன் பிறந்தநாளுக்கு, தெரியாமல்தான் செய்தேன், ஒரு தன்னம்பிக்கை நூல் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் புத்தகம் நல்ல உபயோகத்தில் இருந்தது. ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கு அடியில் இருந்தது. தன்னம்பிக்கை நூல் தாங்கிப் பிடிக்கும் என்று எதிரணி சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பிறந்தநாளுக்கு 'த ஹங்கர் கேம்ஸ்' கொண்டுபோனேன். "பிடிக்கலைன்னா மேசையோட இன்னொரு காலுக்கு வெச்சுக்கோடா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் தங்கையிடமிருந்து ஃபோன். குரலே சரியில்லை.

"அண்ணா, பையன் ஒரு மாதிரி இருக்கான்."

"காய்ச்சலாம்மா?"

"இல்லைண்ணா."

"யாரோடயாவது சண்டையா?"

"இல்லைண்ணா."

"பின்ன என்னதான் பண்றான்?"

"படிக்கிறான்ணா!"

நடுவர் அவர்களே, அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 'வீடு தீப்பிடிச்சிருச்சுண்ணா' என்று சொல்கிற குரல். இரவு இரண்டு மணிக்கு அவன் அறையில் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. கதவைத் திறந்தால் பிள்ளை போர்வைக்குள். ஃபோன்தான் நோண்டுகிறான் என்று போர்வையை உருவினால் உள்ளே புத்தகம்! ஓடிப்போய் மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "காலையில டாக்டர்கிட்ட காட்டிரலாம்" என்றாராம்.

இதோடு விட்டானா? மறுநாள் இரவு என் ஃபோன் அடிக்கிறது. மணி இரண்டு. அந்த நேரத்தில் ஃபோன் வந்தால் மனசு எங்கெல்லாம் போகும்? அங்கெல்லாம் போய்விட்டு, நடுங்கிக்கொண்டே எடுத்தேன். "மாமா, ரெண்டாவது பாகம் எங்க?" கொடுத்தேன். அது முடிந்த அன்றும் ஃபோன். மணி எத்தனை? அவையே சொல்லுங்கள். ஆங், இரண்டு! "மாமா, மூணாவது?" சரி, மூன்றோடு தொலைந்தது என்று பார்த்தால், எழுதிய சுசான் காலின்ஸ் அம்மையார் 2020இல் ஒரு முன்கதை, 2025இல் இன்னொரு முன்கதை என்று போய்க்கொண்டே இருக்கிறார். என் தூக்கத்தைப் பற்றி அவருக்கென்ன கவலை?

எது அவனைப் பிடித்தது என்று பிறகு கேட்டேன். சண்டை, அம்பு, வில் என்பான் என்று நினைத்தேன். "சீட்டு, மாமா" என்றான். அந்த நாட்டில் 12 மாவட்டம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண், ஆக 24 பேர், ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்குப் போக வேண்டும். குலுக்கல் முறை. 12 வயதில் ஒரு சீட்டு, வருடத்துக்கு ஒன்று கூடும். இதுவரை நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஏழைப் பிள்ளை கூடுதலாகச் சீட்டுப் போட்டுக்கொண்டால் வீட்டுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதனால் கதாநாயகி, 16 வயது காட்னிஸ் பெயரில் 20 சீட்டு. அவள் நண்பன் கேல் பெயரில் 42. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வயதுக்கு உள்ளதுதான். இதைச் சொல்லும்போது பையனுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொல்லிட்டே ஏமாத்துறாங்க மாமா!" பொருளாதாரப் பாடத்தில் தூங்குகிற பிள்ளை சொன்னது இது.

இப்போது எதிரணித் தலைவரிடம் வருகிறேன். "இந்தப் புத்தகமெல்லாம் இல்லாத ஊருக்குப் போகாத வழி" என்றார். அவை கைதட்டியது. நானும் தட்டினேன், நல்ல வசனம்தானே. ஆனால் ஐயா, காட்னிஸின் அந்த இல்லாத ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இடது கையின் நடு மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்து நீட்டுவார்கள். நன்றி, மரியாதை, அன்பானவருக்கு விடை என்று அதற்கு அர்த்தம். 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தாய்லாந்து இருக்கிற ஊர்தானே, ஐயா? அங்கே எதிர்த்து நின்ற இளைஞர்கள் மூன்று விரலைத் தூக்கினார்கள். 2021இல் மியான்மரிலும் தூக்கினார்கள். தாய்லாந்தில் விரலைத் தூக்கியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இல்லாத ஊர்க்காரி நீட்டிய விரலைப் பார்த்து, இருக்கிற ஊரின் துப்பாக்கிக்கு ஏன் வியர்த்தது? எந்தத் தன்னம்பிக்கை நூலைக் கண்டாவது எந்த ராணுவமாவது பயந்திருக்கிறதா? மேசைதான் நிம்மதியாக இருந்திருக்கிறது!

அந்த ஊர் பிறந்த கதையும் கேளுங்கள். ஓர் இரவு அம்மையார் தொலைக்காட்சியில் சேனலை மாற்றிக்கொண்டிருந்தார். ஒன்றில் இளைஞர்கள் மோதும் ரியாலிட்டி போட்டி. இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சி. மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டும் கலந்துபோனது. ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் அசுரனுக்கு அனுப்பிய கிரேக்கக் கதையும் அதில் சேர்ந்தது. 2008இல் நாவல் வந்தது. இல்லாத ஊருக்கு மண்ணெடுத்தது எல்லாம் இருக்கிற ஊரிலிருந்துதான், ஐயா.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நாவல் ஓடியதும் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். ஒரு 16 வயதுப் பெண், ஒரு சர்வாதிகாரி, இரண்டு பையன்கள், மூன்று பாகம். சர்வாதிகாரியைக் கவிழ்க்க ஒரு அத்தியாயம் போதும். இரண்டு பையன்களில் யார் என்று முடிவெடுக்கத்தான் மூன்று பாகமும் தேவைப்படும். அதையெல்லாம் பரிந்துரைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

பிள்ளையிடம் "என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்" என்று நான் இப்போது கேட்பதே இல்லை. "எதைக் கண்டால் உனக்குக் கோபம் வரும்? எதை நினைத்தால் தூக்கம் வராது?" என்று கேட்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று அழுகிற பெண்ணா? ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்'. அங்கே 16 வயதானால் எல்லோருக்கும் அறுவைசிகிச்சை செய்து அழகாக்கிவிடுவார்கள். அதில் அவர்கள் எடுத்துக்கொள்வது முகத்தை மட்டுமா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். ஒரு தப்பைச் செய்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் திரிகிறவனா? அவனுக்கு உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. வீம்புக்கு ஒரு மந்திரம் போட்டு, தானே அவிழ்த்துவிட்ட நிழலுக்குப் பயந்து ஓடுகிற பையனின் கதை. முடிவைச் சொன்னால் பாவம் வரும், சொல்ல மாட்டேன்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், நடுவர் அவர்களே.

அந்தப் பையனுக்கு 15 வயதானபோது என் அப்பா தங்கை வீட்டில் இருந்தார். அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அந்தச் சமயத்தில் லோயிஸ் லோரியின் 'த கிவர்' கொடுத்தேன். 1993இல் வந்தது. வலி இல்லாத, நிறம் இல்லாத, பழசு எதுவுமே ஞாபகம் இல்லாத ஓர் ஊர். எல்லோருடைய நினைவையும் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். 12 வயது ஜோனாஸ் அவரிடமிருந்து அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். கிழவர் பையனின் முதுகில் கையை வைப்பார், நினைவு இறங்கும். லோரியின் தந்தைக்கும் வயதான காலத்தில் நினைவு தப்பியது. இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாராம். இந்த நாவலின் விதைகளில் அதுவும் ஒன்று.

கொஞ்ச நாளில் தங்கை ஃபோன் செய்தாள். "அண்ணா, இவன் தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்றான். அவர் கையை எடுத்து இவன் முதுகுல வெச்சுக்கறான். முதுகுவலியான்னு கேட்டா இல்லைங்கறான்." நான் கேட்டேன். எனக்கு மட்டும் சொன்னான். "தாத்தா எல்லாத்தையும் மறந்துட்டே வர்றார் மாமா. அதுக்குள்ள நான் வாங்கி வெச்சுக்கறேன்."

பிறகு ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு ஃபோன். இந்த முறை நான் பயப்படவில்லை. ஏதோ பாகம் கேட்கிறான் என்றுதான் எடுத்தேன். "மாமா" என்றான். அதற்கு மேல் பேச்சு இல்லை.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். முழுக்க என் அப்பா. நான் கேட்டே இராத என் அப்பா. ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். எட்டு வயதில் யாரோ ஆற்றில் தள்ளிவிட்டதால்தான் அவர் நீச்சல் கற்றாராம். "யார் தள்ளிவிட்டாங்கன்னு சொல்றதுக்குள்ள தாத்தா தூங்கிட்டார். உங்களுக்குத் தெரியுமா மாமா?"

எனக்குத் தெரியவில்லை, நடுவர் அவர்களே. அந்த வரியை அவன் இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறான்.

வணக்கம்.