நனைந்த காலர்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். இன்று ஒரு பையனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தொடக்கநிலை இரண்டில் படித்தான். தமிழ்ப் பாடத்துக்கு வரும்போதே சட்டைக் காலர் நனைந்திருக்கும், கடித்துக்கொண்டே இருப்பான். நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து ஆடுவான். “ஒழுங்கா உட்காரு” என்றால் இரண்டு நிமிடம் உட்காருவான், அப்புறம் மறுபடியும் ஆட்டம். அம்மாவை வரச்சொன்னேன். “வீட்ல நல்லாத்தானே இருக்கான் டீச்சர்” என்றார். நான் நம்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பல வகுப்புகளிலிருந்து எழுந்து தமிழ் வகுப்புக்கு வருவார்கள், தெரியும்தானே? அவனுக்கு அது இடைவேளை முடிந்த கையோடு வரும் பாடம். கேன்டீன் இரைச்சல், எண்ணெய் வாசனை, படிக்கட்டில் முட்டல் மோதல், அறைக்குள் வந்தால் மின்விசிறிச் சத்தம், நாற்காலிகளை இழுக்கும் கிறீச். வீட்டில் இதில் ஒன்றுமே இல்லை. அம்மா சொன்னது உண்மைதான்.

ஐம்புலன் என்றுதான் நாம் படித்தோம். ஆனால் தசையும் மூட்டும்கூட உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. உள்காது சமநிலையைச் சொல்கிறது. இவையும் புலன்கள்தாம். அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் இவற்றுக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1972இல் ஒரு நூலே எழுதினார். ஒரு நாக்குக்கு உறைப்பது இன்னொரு நாக்குக்கு உறைப்பதில்லை. காதும் தோலும் அப்படித்தான். சத்தமோ தொடுதலோ தாங்க முடியாத பிள்ளை காதைப் பொத்தும், வரிசையில் யாராவது உரசினாலே அடித்துவிடும். புலன்களுக்குக் கிடைப்பது போதாத பிள்ளை ஆடும், கடிக்கும். சில பிள்ளைகள் இரண்டும் கலந்தவர்கள். கடிக்கும்போது தாடை மூட்டில் விழும் அழுத்தம் பலருக்கு ஒரு நிதானத்தைத் தருகிறது.

அவன் தசைக்கும் மூட்டுக்கும் வேலை கிடைக்கட்டும் என்று, பாடம் தொடங்குமுன் ஆசிரியர் அறையிலிருந்து பயிற்சிப் புத்தகக் கட்டைத் தூக்கிவரும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, மூச்சு வாங்க வருவான். நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு தடித்த ரப்பர் பட்டை கட்டினேன். பாதத்தால் அதை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே எழுதினான். சாய்ந்து ஆடுவது குறைந்தது. கடிப்பது முழுதாக நிற்கவில்லை. ஆனால் காலர் காய்ந்திருந்த நாள்களும் வந்தன.

எல்லாக் குறும்பும் இதனால்தான் என்று சொல்லமாட்டேன். பசியாக இருக்கலாம், பாடம் புரியாமல் இருக்கலாம். அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நேரம், எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. அதை எடுத்துக்கொண்டு பள்ளியில் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரியிடம் பேசுங்கள். இன்னும் தொடக்கப்பள்ளி சேராத பிள்ளை என்றால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டலாம்.

அப்புறம், தீபாவளிக்கு ஜரிகைச் சட்டை போட்டதும் அழுகிற பிள்ளையை “அடம்” என்று உறவினர் முன்னால் திட்டாதீர்கள். உள்ளே ஒரு மெல்லிய பருத்தி பனியன் போட்டுப் பாருங்கள்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றுதான் கேட்டார்: “அந்த ரப்பர் பட்டை எங்க கிடைக்கும் டீச்சர்?”