கொழும்பில் ஒரு தெரு மூழ்குகிறது, அடுத்த தெரு ஏன் மூழ்குவதில்லை?

[காட்சி: வெள்ளம் வடிந்த வெல்லம்பிட்டித் தெரு]

வணக்கம். பெருமழை பெய்தால் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடுகிறது. 2016 மே மாதம் எத்தனை குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின என்பது கொழும்பில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் கொஞ்சத் தூரத்தில் மேட்டில் இருப்பவர்களின் முற்றம்கூட நனைந்து காய்ந்துவிடுகிறது. வடிகான் அடைப்பும் ஒரு காரணம்தான். பெரிய காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது.

[காட்சி: கல்கிசைக் கடற்கரைப் பாறைகள்]

கொழும்பின் அடித்தளம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. கல்கிசையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். மற்ற இடங்களில் பெரும்பாலும் வேறு படைகள் மூடியிருக்கின்றன.

மேடுகளில் அந்தப் படை கபுக் என்ற சிவப்புக் கல். நெடுங்காலம் பெய்த மழை பாறையை உக்கச் செய்து, அதிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போனது. இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. சிவப்பு நிறம் அந்த இரும்பால் வந்தது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். பழைய வீட்டுச் சுவர்களில் கபுக் கல் இருப்பது அதனால்தான்.

[காட்சி: முத்துராஜவெல சதுப்பு நிலம்]

சரி, பள்ளங்களுக்கு வருவோம். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. மேடுகளுக்கு நடுவே உப்புநீர் புகுந்து களப்பானது. கடல் பின்வாங்கிய பிறகு அங்கே சேறு படிந்து, செடிகள் முளைத்து மடிந்தன. தண்ணீருக்கடியில் காற்றுப் போதாததால் அவை முழுதாக உக்கவில்லை. அப்படிச் சேர்ந்த கரிய படைதான் பீட் மண்.

களனி கங்கை பெருகும்போது மிஞ்சும் நீர் வந்து தங்கும் இடம் இந்தப் பள்ளங்கள்தான். அவற்றை மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் வேறு வீட்டைத் தேடிப் போகும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. எஞ்சியிருக்கும் சதுப்பை இனியாவது தொடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பீட் மண்ணில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே பாரம் ஏற்றினால் அந்த நீர் மெதுவாகப் பிதுங்கி வெளியேற, நிலம் பல ஆண்டுகளுக்குத் தாழ்ந்துகொண்டே போகும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தாழாது, அதனால் சுவர் வெடிக்கிறது. உயர்ந்த கட்டடங்கள் கீழேயுள்ள பாறைவரை தூண் இறக்கித் தப்பித்துக்கொள்கின்றன. சாதாரண வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுமா?

[காட்சி: லொறி மண் கொட்டும் காணி]

காணி வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சதுப்பை நிரப்புவதற்குப் பெரும்பாலும் கபுக் மண்ணைத்தான் கொட்டுகிறார்கள். மேலே பார்த்தால் நல்ல சிவப்பு மேட்டு நிலம் போலவே தெரியும். பக்கத்தில் ஈரத்தில் வளரும் கங்குன் கீரை இருக்கிறதா, அயல்வீட்டு மதில் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முற்பணம் கொடுக்கும் முன் துளையிட்டு மண்பரிசோதனை செய்யுங்கள்.