அம்மாவின் சம்பளச் சீட்டும் அக்காவின் சேமலாப நிதியும்

வணக்கம் நேயர்களே.

நான் படித்த கல்லூரியில் பரீட்சை கிடையாது. இலங்கையின் தேயிலை மலையகத்தில், அட்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய பங்களா. உயர்தரப் பரீட்சையில் தவறியவர்கள், சாதாரண தரப் பரீட்சையோடு வீட்டில் நின்றுவிட்டவர்கள் என்று முப்பது பேர்கூட இருக்க மாட்டோம். முதல் நாள் தந்த வேலை இதுதான்: அடுத்த கிழமை வரும்போது அம்மாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள்.

இரண்டு கிழமை அந்தச் சீட்டையேதான் படித்தோம். எத்தனை பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்த கிலோ சீட்டில் ஏன் குறைகிறது. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள். தோட்டம் தன் பங்காக 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு மேலும் 3. முப்பது வருஷம் கொழுந்து எடுத்த என் அம்மாவுக்கு அந்த 12 பற்றி நான்தான் சொன்னேன். "பிடிக்கிறாங்கன்னு தெரியும். போடுறாங்கன்னு தெரியாது" என்றார்.

இதைச் சொல்லித்தந்த ஆசிரியர், நாங்கள் சேர் என்போம், அவர்தான் கல்லூரியைத் தொடங்கியவர். பணத்தை எடுத்துக்கொண்டவர் இல்லை. ஒரு திட்டம் முடிந்து அடுத்த வெளிநாட்டு உதவி வருவதற்குள் வீட்டு நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்திருக்கிறார். ஆனால் அடகு வைத்ததும் மீட்டதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். நிர்வாகக் குழு என்று ஐந்து பெயர் இருந்தது. அதில் இரண்டு பேர் கனடாவில். தொழிற்கல்வி நிலையங்கள் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பதிய வேண்டும். அந்தப் படிவம் மேசையிலேயே கிடந்தது. பரீட்சையே இல்லாத படிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சிரிப்போம். சான்றிதழோடு வேலைக்குப் போய் நின்றபோதுதான் சிரிப்பு போனது.

போன வருஷம் பழைய மாணவர்கள் கூடினோம். அமெரிக்காவின் ஓகையோவில் அன்டியோக் கல்லூரியை 2008இல் நிர்வாகம் மூடியதையும், பழைய மாணவர்கள் அதை மீட்டு 2011இல் திறந்ததையும் ஒருவர் சொன்னார். கை தட்டினோம். சரி, நாம் எதை மீட்பது? பங்களா வாடகைக்கு, மேசை நாற்காலி இரவல்.

அப்புறம் கல்லூரியின் சமையல் அக்கா டீக் கோப்பைகளை எடுக்க வந்தார். "தம்பி, நீங்கதானே சீட்டு படிக்கப் படிச்ச புள்ளைங்க? என் சேமலாப நிதி நம்பருக்கு எத்தனை மாசம் கட்டியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

விசாரித்தோம். ஒன்பது வருஷ வேலையில் நான்கு வருஷம் நிதிக்கு ஒன்றும் போகவில்லை. மாதாமாதம் அக்காவின் சம்பளத்தில் 8 மட்டும் பிடித்திருந்தார்கள். சேரிடம் கேட்டதற்கு, உதவிப் பணம் வந்ததும் சேர்த்துக் கட்டலாம் என்று நினைத்தேன் என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதித்தால் கட்ட வேண்டியதற்கு மேல் இன்னொரு 50 சதவீதம் வரும். அதையும் அவர்தான் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகம். மூன்று வருஷம் அந்த அக்கா கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய சீட்டைக் கொண்டுவாருங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பழைய மாணவர்கள் சேர்த்த முதல் தொகை அந்த நிலுவைக்குப் போகிறது. வரும் ஞாயிறு கணக்குப் புத்தகத்தோடு வருவதாகச் சேர் சொல்லியிருக்கிறார். அக்காவையும் மேசையில் உட்காரச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்கு டீ நாங்கள் போடுகிறோம்.