கனவுக்கு அகராதி உண்டா? ஃபிராய்டு கண்ட ஒரு கனவிலிருந்து

[திரையில்: இருண்ட படுக்கையறை. மேசையில் தாளும் பேனாவும்.]

1895 ஜூலை 23ஆம் தேதி இரவு, வியன்னா நகரை ஒட்டிய பெல்வியூ மாளிகையில் கோடைக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு ஒரு கனவு கண்டார். பெரிய கூடம், விருந்தினர் கூட்டம். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்ணும் அங்கே நிற்கிறாள். இர்மா என்பது அவளுக்கு அவர் இட்ட புனைபெயர். இன்னும் வலி இருக்கிறதென்றால் அது உன் தவறுதான் என்று அவளைக் கடிந்துகொள்கிறார். தொண்டையைத் திறந்து பார்த்தால் உள்ளே வெண்திட்டு தெரிகிறது. கடைசியில் காரணம் வெளிப்படுகிறது: நண்பர் ஓட்டோ அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார், அந்த ஊசி சுத்தமாக இருந்திருக்காது.

[திரையில்: தடித்த எழுத்தில், அந்தக் கனவில் தெரிந்த ஒரு வேதியியல் வாய்பாடு.]

விழித்தெழுந்த ஃபிராய்டு இக்கனவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தம் மனத்தில் எதையெல்லாம் எழுப்புகிறது என்று எழுதத் தொடங்கினார். முந்தைய நாள்தான் ஓட்டோ அவரைச் சந்தித்து, இர்மாவுக்கு உடல் தேறியிருக்கிறது, ஆனால் முழுமையாகக் குணமாகவில்லை என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சில் ஃபிராய்டுக்கு ஒரு குத்தல் கேட்டது. அன்றிரவே தம் பக்க நியாயத்தை நிறுவுவதற்காக, நோயின் வரலாற்றை உட்கார்ந்து எழுதினார். அதன் பிறகு வந்த கனவு, பழியை இர்மா மீதும், உடல் நோயின் மீதும், ஓட்டோவின் ஊசியின் மீதும் மாறி மாறிப் போடுகிறது. கடன் வாங்கிய பாத்திரத்தை ஓட்டையாகத் திருப்பிக் கொடுத்தவன், 'நான் வாங்கவே இல்லை. வாங்கும்போதே ஓட்டை இருந்தது. நல்லபடியாகத்தான் கொடுத்தேன்' என்று மூன்று பதில்களையும் ஒரே மூச்சில் சொன்ன கதையை ஃபிராய்டே இங்கு நினைவுகூர்கிறார். கனவு ஒரு விருப்பத்தின் நிறைவேற்றம் என்ற அவருடைய கொள்கை, தம்மைப் பற்றிய இந்தச் சங்கடமான ஒப்புதலிலிருந்து பிறந்தது.

நமக்கு நினைவிருக்கும் கதையை வெளிப்படைப் பொருள் என்றும், அதற்கு அடியில் ஓடும் எண்ணங்களை உள்ளுறைப் பொருள் என்றும் அவர் பிரித்தார். பின்னதை முன்னதாக மாற்றும் வேலைக்குக் கனவுப்பணி என்று பெயர். இர்மா என்ற ஒரே உருவத்துக்குள் அவளுடைய தோழியும் ஃபிராய்டின் மூத்த மகளும் ஒளிந்திருந்தது 'சுருக்கம்'. பெரிய விஷயத்தின் கனம் அற்பமான ஒன்றின் மீது போய் உட்கார்வது 'இடமாற்றம்'.

ஆகவே, கனவில் இது வந்தால் அது நடக்கும் என்று பட்டியலிடும் நூல்களுக்கும் இந்த முறைக்கும் அடிப்படையிலேயே ஒட்டாது. பொருளைச் சொல்ல வேண்டியவர் கனவு கண்டவரே. (பின்னாளைய பதிப்புகளில் குறியீடுகளுக்கு ஃபிராய்டு கூடுதல் இடம் கொடுத்ததால், கனவுக்கு அகராதி உண்டென்ற குழப்பத்தில் அவருக்கும் பங்குண்டு.)

[திரையில்: அடுக்கு அடுக்காகக் கீழிறங்கும் ஒரு வீடு.]

1909இல் ஃபிராய்டுடன் சேர்ந்து அமெரிக்காவுக்குப் பயணம் செய்தபோது, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் தம் கனவொன்றைச் சொன்னார்: மாடியிலிருந்து இறங்க இறங்க வீடு பழமையாகிக்கொண்டே போய், அடியிலுள்ள குகையில் இரண்டு மண்டையோடுகள் கிடக்கின்றன. அவை யாருடையவை என்று ஃபிராய்டு துருவினார். யாருடைய சாவை விரும்புகிறாய் என்பதே அக்கேள்வியின் பொருள். யுங் வாய்க்கு வந்தபடி என் மனைவியுடையதும் மைத்துனியுடையதும் என்று சொல்லித் தப்பித்தார். அவர் கண்ணுக்கோ அந்த வீடு மனித குலத்தின் பொதுவான ஆழ்மனமாகத் தெரிந்தது. கனவு எதையும் மறைப்பதில்லை, விழிப்பு மனம் ஒருபக்கமாகச் சாயும்போது அதை ஈடுசெய்கிறது என்பது யுங் பிற்பாடு வந்தடைந்த நிலைப்பாடு.

போர்க்களத்திலிருந்து திரும்பியவர்கள் அதே கோரத்தைக் கனவில் மீண்டும் மீண்டும் கண்டது விருப்ப நிறைவேற்றத்தில் அடங்கவில்லை. 1920இல் ஃபிராய்டே இதை ஏற்றுக்கொண்டார். 1953இல் உறக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டம் கண்டறியப்பட்ட பிறகு, கனவு மூளையின் இயக்க விளைவு மட்டுமே என்ற வாதமும் வலுப்பெற்றது.

[திரையில்: மீண்டும் அதே மேசை. தாளின் அடியில் ஒரு சிறு குறிப்பு.]

இர்மா கனவை அலசிய பக்கங்களின் அடிக்குறிப்பு ஒன்றில் ஃபிராய்டு எழுதுகிறார்: ஒவ்வொரு கனவிலும் துழாவ முடியாத ஓரிடமாவது இருக்கிறது, அது கனவின் தொப்புள்.