அச்சிபேயை யாழ்ப்பாணத்தில் வாசித்தல்

(ஆங்கில இலக்கியம் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள் முன் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும், ஆசிரியர்களுக்கும், இலக்கியம் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காலனியாட்சிக்கு உட்பட்ட நாடுகளின் அனுபவத்தைப் பேசும் பின்காலனிய நாவல் என்ற பாடத்தில் நைஜீரியாவின் சினுவா அச்சிபே, கென்யாவின் கூகி வா தியாங்கோ, கரிபியனில் பிறந்த ஜீன் ரைஸ் என்று ஒரு வரிசை வரும். அந்தப் பாடத்துக்கு மாணவர்கள் எழுதும் விடைகளை நிறைய வாசித்திருக்கிறேன். அநேகமாக எல்லாம் ஒரே தீர்ப்பில் போய் நிற்கும்: வெள்ளைக்காரன் வந்தான், ஊர் குலைந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தீர்ப்போடு புத்தகத்தை மூடினால் அச்சிபே எழுதியதில் பாதியைத்தான் வாசித்திருக்கிறோம். மற்றப் பாதி ஊரைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு அந்தப் பாதிதான் கூடுதலாகச் சுட வேண்டும்.

1958இல் வந்த 'திங்ஸ் ஃபோல் அப்பார்ட்' நாவலை எடுங்கள். கடைசிப் பக்கத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கதைநாயகன் ஒக்கொங்வோவின் முழு வாழ்க்கையையும் தன் புத்தகத்தில் ஒரு பந்திக்குள் அடக்கிவிடலாம் என்று வெள்ளைக்கார மாவட்ட ஆணையாளர் நினைக்கிற இடம் அது. பெரிய இடம், சந்தேகமில்லை. நான் உங்களை நிறுத்தி வாசிக்கச் சொல்வது அதற்கு முன்னால் வருகிற வேறோர் அத்தியாயம். ஓசு என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருவர் தேவாலயத்துக்குள் வருகிறார்கள். ஓசு என்றால் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர், அவருடைய பிள்ளைகளும் அப்படியே. மற்றவர்களோடு கலியாணம் செய்ய முடியாது. ஊர்க்கூட்டத்துக்கு வர முடியாது. தனியிடத்தில் குடியிருக்க வேண்டும். தலைமயிரை வெட்டக்கூடாது. செத்தாலும் பொல்லாத காட்டில்தான் புதைப்பார்கள். இவர்கள் உள்ளே வந்ததும் ஆட்சேபித்தது யார்? மதம் மாறிய புதுக் கிறிஸ்தவர்கள். இவர்களைச் சேர்த்தால் ஊர் எங்களைப் பற்றி என்ன கதைக்கும் என்பதுதான் அவர்களுடைய வாதம்.

இதை வாசிக்கும்போது எங்கள் ஊரின் பள்ளிக்கூட வரலாறு நினைவுக்கு வராமல் இருக்குமா? 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அதே மண்ணில்தான் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வாங்கில் சம ஆசனம் கொடுக்கச் சொன்னதற்காக, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்திருக்கிற மாணவருக்குத்தான் அந்த அத்தியாயம் முழுதாக விளங்கும்.

அச்சிபே அதோடு விடவில்லை. 1960இல் வந்த 'நோ லோங்கர் அட் ஈஸ்' நாவலை உங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? முதல் நாவலின் நிழலில் அது மறைந்து கிடக்கிறது. என் கணிப்பில் யாழ்ப்பாணத்தானுக்கு அதைப்போல நெருக்கமான ஆபிரிக்க நாவல் இல்லை. ஒக்கொங்வோவின் பேரன் ஓபி. லாகோஸ் நகரத்தில் இருக்கிற ஊர்ச்சங்கத்துக்காரர் ஆளுக்காள் காசு போட்டு, 800 பவுண் கடனாகக் கொடுத்து அவனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புகிறார்கள். சட்டம் படித்து வருவான், ஊர்க்காணி வழக்குகளைப் பார்ப்பான் என்பது அவர்களின் எண்ணம். அவன் போய் ஆங்கில இலக்கியம் படிக்கிறான்! உங்களில் எத்தனை பேரின் வீட்டில் இந்தக் கதை நடந்ததோ. கொழும்பிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் எங்கள் ஊர்ச்சங்கங்கள் நடக்கிற விதத்தை அறிந்தவருக்கு அந்த நாவலின் கூட்டக் காட்சிகளுக்குக் குறிப்புரை தேவைப்படாது.

ஓபி கிளாராவை விரும்புகிறான். அவள் இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய தாதி. ஆனால் ஓசு. ஓபியின் தகப்பன் ஐசாக், வேதப் புத்தகத்துக்காகத் தன் சொந்தத் தகப்பனையே விட்டு வந்த மனிதர். முதல் நாவலில் நாங்கள் இரங்கிய அந்தச் சிறுவன் நொய்யேதான் இவர். கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்று மகன் வாதாடுகிறான். தகப்பன் இடம் கொடுக்கவில்லை. நான் உயிரோடு இருக்கும்போது அவளைக் கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள் தாய். வேதம் மாறியும் சம்பந்தம் பேசுகிற முறை மாறாத குடும்பங்கள் இங்கே இல்லையா? படிப்பு, உத்தியோகம், கனடா குடியுரிமை எல்லாம் பொருந்தி, கடைசியில் 'ஆக்கள் ஆர்?' என்ற ஒரு கேள்வியில் முறிந்த கலியாணப் பேச்சுகளை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கிழக்கு நைஜீரியாவில் ஓசு முறையை ஒழிக்கும் சட்டம் 1956இல் வந்தது. சாதியின் பேரால் ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. சட்டம் வந்து பதினோராண்டு கழித்துத்தான், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டவர்களின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது.

அதே 1968இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் கூகியும் இரண்டு சக ஆசிரியர்களும் ஆங்கிலத்துறையையே ஒழிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார்கள். ஆங்கில நூல்களை எரிக்கச் சொன்ன கடிதம் இல்லை அது. படிப்பின் நடுவில் எங்கள் மண்ணையும் எங்கள் மொழிகளையும் வையுங்கள், மற்ற இலக்கியங்களை அங்கிருந்து பார்ப்போம் என்றார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தக் கோரிக்கை இங்கே தீரவில்லை. எங்கள் ஆங்கில வகுப்பில் ஈழத்தமிழர் வாழ்க்கை வந்தால், ஆங்கிலத்தில் எழுதியவர்கள் வழியாகத்தான் வருகிறது. சிவானந்தன் வருவார், செல்வதுரை வருவார், அனுக் அருட்பிரகாசம் வருவார். வரட்டும், நல்ல எழுத்தாளர்கள். எங்கள் மண்ணின் சாதிக் கொடுமையை நாவலாக்கிய கே. டானியல் வரமாட்டார், ஏனென்றால் அவர் தமிழில் எழுதினார். லாகோஸின் ஒதுக்கலை ஆங்கிலத்தில் ஆராய்ந்து பட்டம் பெறுகிற பிள்ளை, 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலைத் தொடாமலே வெளியேறலாம் என்பது எனக்கு ஆறாத துக்கம்.

இதற்குப் பாடத்திட்டக் குழுவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டுக் கட்டுரையாக எழுதலாம். கோட்பாட்டுச் சொற்களைப் பிறகு பார்ப்போம். பின்காலனியக் கோட்பாட்டாளர்களான ஹோமி பாபாவும் ஸ்பிவாக்கும் எங்கும் ஓடிவிடமாட்டார்கள். முதலில் 'நோ லோங்கர் அட் ஈஸ்', 'பஞ்சமர்' என்ற இந்த இரண்டு நாவல்களையும் அருகருகே வைத்து வாசியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். கிளாராவை நாங்கள் ஓபியின் கண்ணால் மட்டுந்தான் காண்கிறோம். கருவைக் கலைத்து, நோயாளியாகி, அவனைப் பார்க்க மறுத்து நாவலை விட்டே போய்விடுகிறாள். அவள் என்ன நினைத்தாள் என்று அச்சிபே எழுதவில்லை. டானியல் எழுதியது ஒடுக்கப்பட்டவர்களின் குடிசைக்குள் இருந்து. அங்கே கோபம் இருக்கிறது, பகிடி இருக்கிறது, திட்டமிட்டுத் திருப்பி அடிக்கிற துணிவும் இருக்கிறது. கலைநுட்பத்தில் அச்சிபே மேல் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் பல இடங்களில் ஒத்துக்கொள்வேன். ஆனால் கிளாரா போன்ற ஒருத்தி வாய்திறந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதற்கு விடை தேட, டானியலிடம்தான் போக வேண்டும்.

இந்தத் தலைப்பில் யாராவது கட்டுரை எழுதத் துணிந்தால் என்னிடம் இருக்கிற பிரதிகளைத் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து கேளுங்கள்.